சேர்வராயா, சக்தி கொடுத்துவிடாதே!

ஏற்காடு மலை உச்சியில் குகைக்குள் குடியிருக்கும் சாமியே, சேர்வராயா, உனக்குப் புதிதாக ஓர் இலாகா ஒதுக்கியிருக்கிறார்கள். உத்தரவு மலையேறி வந்து சேர்ந்ததா?

வராவிட்டால் நான் படித்துக் காட்டுகிறேன். 2024 ஜூலையில் புனே நகரத்தில் ஒரு பன்னாட்டுக் கணக்குத் தணிக்கை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து நான்கே மாதமான 26 வயது மலையாளப் பெண் இறந்துபோனார். ஓயாத வேலைப் பளுதான் என் மகளைக் கொண்டுபோனது என்று அவருடைய தாய், நிறுவனத்தின் இந்தியத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். இறுதிச் சடங்குக்குக்கூட அலுவலகத்திலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை என்றும் எழுதியிருந்தார். வேலை அழுத்தம் உயிரை எடுத்திருக்கும் என்று நம்பவில்லை என்றது நிறுவனம். செப்டம்பரில் அந்தக் கடிதம் நாடெங்கும் பரவியபோது, சென்னையில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியின் தியான மண்டபத் திறப்பு விழாவில் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் பேசினார். பெண்ணின் பெயரையும் சொல்லவில்லை, நிறுவனத்தின் பெயரையும் சொல்லவில்லை. அழுத்தத்தைத் தாங்கும் உள்வலிமையைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கற்றுத்தர வேண்டும் என்றார். அந்த வலிமை தெய்வ நம்பிக்கையால்தான் வரும் என்றார். பாதிக்கப்பட்டவரைக் குறை சொல்லவில்லை என்று பிறகு விளக்கமும் தந்தார்.

ஆக, தொழிலாளர் நலத்துறையின் பாதிக் கோப்புகள் உன் குகைக்கு மாற்றப்பட்டுவிட்டன. பொறுப்பேற்றுக்கொண்டதற்கு வாழ்த்துகள்.

உன் தகுதியில் குறை சொல்ல முடியாது. சேலத்துக்காரர்களுக்கு உன்னைவிட உயரத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி கிடையாது. சுமார் 5,300 அடி. ஆனால் உன் வேலைத்திறன் பற்றித்தான் கவலையாக இருக்கிறது. ஒரே இருட்டுக் குகை, பக்கத்தில் காவேரியம்மன், மே மாதத்தில் மலை மக்கள் கூடி எடுக்கும் ஒரு திருவிழா. மற்ற நாளெல்லாம் இரண்டு கற்பூரம், நாலு தேங்காய். இந்தக் கணக்குக்கு எந்த நிறுவனமும் உன்னை மூன்று மாதம் வைத்திருக்காது. அப்ரைசலில் ‘எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்யவில்லை’ என்று ஒரு வரி எழுதி, அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொண்டு, மலையடிவாரத்தில் விட்டுவிடுவார்கள்.

இனி உன்னைத் தேடி வருகிறவர்களைப் பற்றிச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமை இரவுப் பணி முடித்து, பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ டெம்போ டிராவலரில் ஏற்றப்படுகிறார்கள். ‘ஊழியர் நலவாழ்வு வார இறுதி’ என்று மின்னஞ்சல் வந்திருக்கும். விருப்பமிருப்பவர்கள் வரலாம் என்றும், வராதவர்கள் காரணம் எழுதித் தர வேண்டும் என்றும் அதில் இருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவிலும் மடியில் லேப்டாப் திறந்தே இருக்கும். ஏரியில் ஒரு படகுச் சவாரி, கரையில் மிளகாய் பஜ்ஜி, பகோடா பாயின்டில் ஒரு குழுப் படம், அப்புறம் நீ. உன் குகைக்குள் குனிந்துதான் நுழைய வேண்டும். அதில் அவர்களுக்கு ஒரு சிரமமும் இல்லை, பழக்கம்தான். வெளியே வந்ததும் அத்தனை பேரும் கையை வானத்துக்குத் தூக்குவார்கள். உன்னைக் கும்பிடுகிறார்கள் என்று ஏமாந்துவிடாதே, சிக்னல் தேடுகிறார்கள்.

அந்த இரண்டு நாளும் அவர்களுக்கு நலவாழ்வு தருவது யார் என்று யாரும் கேட்பதில்லை. விடுதியில் நாற்பது படுக்கை விரிப்பு மாற்றும் பெண், நள்ளிரவு கேம்ப்ஃபயருக்கு விறகு அடுக்கி அதிகாலை யோகாவுக்குப் பாய் விரிக்கும் பையன், பகலில் மலையேற்றி இரவில் மலையிறக்கி மறுபடி அடுத்த குழுவை ஏற்றும் டிரைவர். ஒருவன் உடம்பில் அணைக்கப் பார்க்கும் தீயை இன்னொருவன் உடம்பில் பற்றவைப்பதற்கு ‘வெல்னஸ் டூரிஸம்’ என்று பெயர் வைத்து, கோடை விழாவில் பேனரும் கட்டிவிடலாம்.

தீ என்று சும்மா சொல்லவில்லை, சாமி. உண்டியலில் காசோடு ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் போடச் சொல்லிப் பார். அதில் சி.ஆர்.பி. என்று ஒரு வரி இருக்கும். 1930இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆய்வுக்கூடத்தில், நிமோனியாக்காரர்களின் ரத்தத்தில் கண்டுபிடித்த புரதம். உடம்பில் எங்கே அழற்சி என்றாலும் ஈரல் இதைச் சுரந்து ரத்தத்தில் விடும். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் இதயத்துக்கு ஆபத்து குறைவு. 3-ஐத் தாண்டி அங்கேயே நின்றால் ஆபத்து கூடுதல். இதுதான் மருத்துவர்கள் வைத்திருக்கும் பொதுக் கணக்கு.

அழற்சி கெட்டதில்லை. காலில் முள் குத்தினால் வெள்ளணுக்கள் ஓடிவந்து சண்டை போடுவதுதான் அது. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று அதற்கு நாலு அடையாளம் சொன்னார், 2,000 ஆண்டுக்கு முந்தைய ரோமாபுரிக்காரர் செல்சஸ். பின்னால் வந்தவர்கள் ஐந்தாவது ஒன்றைச் சேர்த்தார்கள்: செயலிழப்பு. நம் நிர்வாகங்களுக்கு அந்த ஐந்தாவது மட்டும்தான் கண்ணில் படும். நாலு அடையாளத்தையும் காட்டிக்கொண்டு ஆள் உட்கார்ந்திருந்தால் அவர் ‘டீம் பிளேயர்’. ஐந்தாவது தெரிந்த அன்று அவர் ‘லோ பெர்ஃபார்மர்’.

ஆனால் நான் சொல்லும் அழற்சிக்கு அந்த நாலும்கூட வெளியில் தெரியாது. அதன் கதை இப்படி. அபாயம் என்றால் அட்ரினல் சுரப்பி கார்டிசாலைச் சுரக்கும். சர்க்கரையை ஏற்றி உடம்பை ஓடத் தயாராக்குவது அதன் ஒரு வேலை. வெள்ளணுக்களைப் பார்த்து ‘போதும், அடங்கு’ என்று அதட்டுவது இன்னொரு வேலை. அபாயம் முடிந்தால் இரண்டும் முடியும். முடியவே முடியாத அபாயம் என்றால்? தினமும் நாற்பது மின்னஞ்சலுக்கு ‘அர்ஜென்ட்’ என்று தலைப்புப் போடும் மேனேஜரை ஒரு கட்டத்துக்கு மேல் யாரும் திரும்பிப் பார்க்காதது போல, வெள்ளணுக்கள் கார்டிசாலின் அதட்டலுக்குக் காது கொடுப்பதை நிறுத்திவிடுகின்றன. அமெரிக்காவில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் ஷெல்டன் கோஹன் குழு 2012இல் இதைக் காட்டியது. மூக்கில் சளிக் கிருமியைச் சொட்டிப் பார்த்தார்கள். நீண்ட நாள் அழுத்தத்தில் இருந்தவர்களின் அணுக்கள் கார்டிசாலுக்கு அடங்கவில்லை. சளியும் அவர்களைத்தான் அதிகம் பிடித்தது.

அதட்ட ஆளில்லாத அழற்சி, குறைந்த சூட்டில், வருஷக் கணக்கில் வேகும். ரத்தக்குழாயின் உட்சுவரை அரிக்கும், இன்சுலினை மதிக்காமல் செய்யும். மூளைக்கும் சேதி அனுப்பும்: ‘ஒதுங்கு, படு, எதிலும் ஆசை வைக்காதே.’ காய்ச்சல்காரன் போர்வைக்குள் சுருண்டுகொள்வது இந்த உத்தரவால்தான். காய்ச்சல் இல்லாமலே மாதக் கணக்கில் இந்த உத்தரவை வாங்கிக்கொண்டு, அப்படியும் காலை ஒன்பது மணிக்கு வந்து உட்காருகிறவனைப் பார்த்து மேலாளர் கோப்பில் எழுதுகிறார்: முனைப்பு போதாது.

2005இல் இஸ்ரேலில் ஷாரன் டோக்கரும் கூட்டாளிகளும், வழக்கமான உடல் பரிசோதனைக்கு வந்த உழைக்கும் ஆண் பெண்களைச் சோதித்து எழுதினார்கள். பெண்களில் ‘பர்ன் அவுட்’ எனும் வேலைக் களைப்பு ஏற ஏற சி.ஆர்.பி.யும், ரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரினோஜனும் ஏறியிருந்தன. ஆண்களிலோ அந்தத் தொடர்பு மனச்சோர்வோடு இருந்தது. அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில் அளவு ஏறுகிறது, சிலவற்றில் அசையவில்லை. கம்பெனி வக்கீலுக்கு இது போதும். ‘அறிவியல் இன்னும் முடிவு செய்யவில்லை’ என்று சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு நேரம் குறித்துவிடுவார். அவருக்கு வேறொரு கணக்கைக் காட்டுவோம். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் சேர்ந்து வெளியிட்டது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்தால், 35 முதல் 40 மணி நேரம் செய்கிறவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் கூடுதல். இதய நோயால் சாகும் ஆபத்து 17 சதவீதம் கூடுதல். 2016ஆம் ஆண்டில் மட்டும் நீண்ட வேலை நேரம் உலகத்தில் 7,45,000 உயிர்களைக் கொண்டுபோனது. கவனி, போரில் இல்லை. நாற்காலியில், நடைமேடையில், சாரத்தின் மேல், ஸ்டியரிங்குக்குப் பின்னால்.

இத்தனையும் தெரிந்த பிறகு நம் பெரியவர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, நாட்டுக்காக இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்றார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் ஏலத்தை 90-க்கு ஏற்றினார். ஞாயிற்றுக்கிழமையும் வேலை வாங்க முடியவில்லையே என்று வருந்தினார். வீட்டில் உட்கார்ந்து எவ்வளவு நேரம்தான் பெண்டாட்டி முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்றும் கேட்டார். காவேரியம்மனோடு காலாகாலமாகக் குகையில் உட்கார்ந்திருக்கும் உன்னை அவர் கண்ணில் காட்டாமல் இருப்பது நல்லது.

வாரத்துக்கு 168 மணி நேரம். 90 போனால் மிச்சம் 78. நாளைக்கு 7 மணி நேரம் தூங்கினால் 49 போய்விடும். மீதி 29. பஸ் பிடிப்பது, சமைப்பது, சாப்பிடுவது, குளிப்பது, பிள்ளைக்குப் பாடம் சொல்வது, அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போவது எல்லாம் நாளைக்கு நாலு மணி நேரத்துக்குள். இந்தக் கணக்கைப் போட்டவரின் 2023-24 ஆண்டு ஊதியம் 51 கோடி ரூபாய். தம் ஊழியர்களின் இடைநிலைச் சம்பளத்தைப் போல 534 மடங்கு. அந்த 534 மடங்கில், வீட்டில் துணி துவைக்கும் ஆளும், காரோட்டும் ஆளும், கஞ்சி காய்ச்சும் ஆளும் அடக்கம். அவர்களுடைய மணி நேரங்களையும் சேர்த்துக்கொண்டால் எவர் வேண்டுமானாலும் 90 மணி நேரம் உழைக்கலாம்.

முதலாளிகள் மட்டும்தான் என்று நினைத்துவிடாதே. மே தினத்தை இந்தியாவில் முதன்முதலில் கொண்டாடியது நம் சென்னை. 1923 மே 1, சிங்காரவேலர். அதன் நூற்றாண்டுக்குச் சரியாகப் பத்து நாள் முன்பு, 2023 ஏப்ரல் 21 அன்று, 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது. வாரத்துக்கு 48 மணி நேரம் மாறாது, நாலு நாளில் முடித்துவிட்டு மூன்று நாள் இளைப்பாறலாம் என்று விளக்கம் சொன்னார்கள். இளைப்பாறும் நாளைப் பற்றி அத்தனை அக்கறை! தொழிற்சங்கங்கள் கொதித்தன, கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மூன்றே நாளில் நிறுத்தி வைத்து, மே 1 அன்று திரும்பப் பெற்றார்கள். நூற்றாண்டுப் பரிசு கொடுத்த கையோடு பிடுங்கப்பட்டது. அடுத்த ஆண்டு கர்நாடகம் ஐ.டி. ஊழியர்களுக்கு 14 மணி நேரம் என்ற யோசனையோடு வந்தது. அண்டை மாநிலத்தாரிடம் தண்ணீரில்தான் நமக்கு வேற்றுமை, வியர்வையில் இல்லை.

உன் மலைக்கே இந்தப் பாடம் தெரியும். 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இங்கே காபிச் செடியைக் கொண்டுவந்தார். வெள்ளைத் துரைகளின் பங்களாவும், கூலி லயனும், கங்காணியும் பின்னாலேயே வந்தார்கள். காபி பறித்தவர்களுக்கு வேலை நேரத்துக்கு வரம்பு, நோய் விடுப்பு, குழந்தைக் காப்பகம் என்று சட்டத்தில் எழுதி வாங்க 1951 வரை ஆனது. தோட்டத் தொழிலாளர் சட்டம் அது. உள்வலிமை குறைந்தவர்கள் வாதாடிப் பெற்றது. இன்று அந்தக் காபியைக் குடித்துக் குடித்து ராத்திரி மூன்று மணிக்குக் கண் விழித்திருப்பவன், தனக்கு அப்படியொரு வரம்பு இருப்பதாகவே நினைப்பதில்லை.

உன் மலை உச்சியை வெட்டி மால்கோ நிறுவனம் பாக்சைட் எடுத்து, மேட்டூரில் அலுமினியமாக்கிய கதையும் உனக்குத் தெரியும். அந்தத் தொழிலில்கூட ஒரு விதி இருக்கிறது: சுரங்கத்தை மூடும்போது எப்படி மூடப்போகிறாய் என்று திட்டம் எழுதிக் கொடுக்க வேண்டும். நாற்பது வயதில் தோண்டி எடுக்க ஒன்றுமில்லாமல் போன மனிதனை மூட ஒரு திட்டமும் கேட்பதில்லை. ‘சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்’ என்று அவன் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் பர்ன் அவுட்டை வகைப்படுத்தியபோது, இது நோய் அல்ல, பணியிடம் சார்ந்த நிலை என்று எழுதியது. வேலையிடத்தின் தீராத அழுத்தத்தால் வருவது; உடலும் மனமும் வற்றிப்போவது, வேலையின் மேல் கசப்பு, செய்வதில் திறன் குறைவது ஆகிய மூன்றும் அதன் குறிகள் என்றது. நம் மனிதவளத் துறைகள் அந்த வாக்கியத்தில் முதல் பாதியை மட்டும் படித்தன. நோய் அல்ல, எனவே விடுப்பு இல்லை, காப்பீடு இல்லை. ‘பணியிடம்’ என்ற சொல் வந்த இடத்தில் அவர்களுக்குக் கண் கூசிவிட்டது. ஆகவே மருந்தெல்லாம் ஊழியனுக்கு. மூச்சுப் பயிற்சிச் செயலி, மாதம் ஒரு ‘மைண்ட்ஃபுல்னஸ்’ வகுப்பு (வேலை நேரத்துக்குப் பிறகு), தலைவலிக்குக் காரணமானவரே தலைமை தாங்கும் மன அழுத்தக் கருத்தரங்கு. ஈரோட்டு மஞ்சளை மாத்திரையாக உருட்டி, ‘அழற்சியை வெல்லுங்கள்’ என்று ஒட்டி, மஞ்சள் விளைவித்தவன் வாயைப் பிளக்கும் விலைக்கு விற்கிறார்கள். வேலை நேரத்தைக் குறை என்று மட்டும் எந்த மாத்திரை அட்டையிலும் அச்சடிப்பதில்லை.

சட்டமே இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்கிறது. நிர்வாகப் பொறுப்பில் இருப்பவருக்குப் பொருந்தாது என்றும் ஒரு வரி வைத்திருக்கிறது. அதனால்தான் சில அலுவலகங்களில் தண்ணீர் கேன் மாற்றுகிறவரைத் தவிர அத்தனை பேரும் மேனேஜர்கள். அந்தப் புனே அலுவலகத்துக்கு மகாராஷ்டிரத் தொழிலாளர் துறை போய்ப் பார்த்தபோது என்ன தெரிந்தது? 2007 முதல் இயங்கும் அலுவலகம், வேலை நேரத்தைக் கட்டுப்படுத்தும் அந்த மாநிலத்துச் சட்டத்தின் கீழ்ப் பதிவே செய்திருக்கவில்லை. 2024 பிப்ரவரியில்தான் விண்ணப்பித்திருக்கிறது, அதுவும் நிராகரிக்கப்பட்டிருக்கிறது. பதினேழு வருஷம்! ஊர் உலகத்தின் கணக்குகளைத் தணிக்கை செய்கிறவர்களிடம் ஒரு பதிவுச் சான்றிதழைக் கேட்க, ஒரு பெண் சாக வேண்டியிருந்தது.

அலுவலக நேரம் முடிந்தபின் போனை எடுக்காமலிருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017இல் சட்டப்படி நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியா 2024 ஆகஸ்டில் நடைமுறைப்படுத்தியது. இங்கே அதே உரிமைக்காக எம்.பி. சுப்ரியா சூலே கொண்டுவந்த தனிநபர் மசோதா, மக்களவை அலமாரியில் தூங்குகிறது. இந்த நாட்டில் நிம்மதியாகத் தூங்குவது அது ஒன்றுதான்.

அதனால்தான் சேர்வராயா, உன் குகை வாசலில் நின்று ஒன்று கேட்கிறேன். அடுத்த வாரம் டெம்போ டிராவலரில் வந்து இறங்குகிறவர்கள், ‘சாமி, தாங்கும் சக்தி கொடு’ என்று வேண்டுவார்கள். கொடுத்துவிடாதே! நீ கொடுக்கும் சக்தி அவர்கள் வீடு வரைக்கும்கூடப் போகாது. திங்கட்கிழமை காலையிலேயே அதை மணிக் கணக்காக மாற்றி, வாடிக்கையாளருக்கு டாலரில் ரசீது போட்டுவிடுவார்கள். 70 மணி நேரம் தாங்குகிறவனுக்கு நீ அருள் பாலித்தால், 90 மணி நேரம் தாங்காதவன் அருள் இல்லாதவன் ஆகிவிடுவான். செத்துப்போனவள் பக்தி குறைந்தவள் ஆகிவிடுவாள். அந்தப் பழியில் உனக்குப் பங்கு வேண்டாம்.

இலாகாவைத் திருப்பி அனுப்பு. கோப்பின் மேல் விபூதியால் ஒரு வரி எழுது: ‘இது தெய்வத்தின் அதிகார வரம்பில் வராது.’ வரம் கொடுத்தே தீருவேன் என்றால், பக்தனை விட்டுவிடு. தொழிலாளர் துறை ஆய்வாளருக்கு டீசல் போட்ட ஒரு ஜீப் கொடு, மையுள்ள பேனா கொடு, மந்திரியிடமிருந்து வரும் போனை எடுக்காத தைரியம் கொடு. அவர் போய் வருகைப் பதிவேட்டைத் திறந்து, இரவு எத்தனை மணிக்கு யார் வீட்டுக்குப் போனார் என்று கேட்கட்டும். எழுதாத மணிக்கெல்லாம் இரட்டைச் சம்பளம் எழுதி வாங்கட்டும். எங்கள் ஈரல் அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் எங்கள் ரத்தத்தில் புகார் மனு எழுதிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.